அழித்த கான்ஃபிக் ஃபைல் ஏன் திரும்பி வருவதில்லை? சுங்கை சிப்புட் லினக்ஸ் கேள்வி பதில்

தோட்ட ஆபீஸ் கிராணி: அண்ணே, செம்பனைக் குலைக் கணக்குப் பக்கம் டெபியன் லினக்ஸில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மூலம் ஓடுகிறது. அமைப்பில் குழப்பம் வந்ததால் /ஈடிசி/என்ஜின்எக்ஸ் ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். ஃபோல்டர் வரவே இல்லை. பேக்கேஜ் கெட்டுவிட்டதா?

கெடவில்லை தம்பி, பயப்படாதீர்கள். /ஈடிசிக்குள் வைக்கும் அமைப்புக் கோப்புகளை (கான்ஃபிக் ஃபைல்) டிபிகேஜி என்ற டெபியனின் பேக்கேஜ் கருவி தனிக் கணக்கில் எழுதி வைத்திருக்கும். அதில் ஒன்றை நீங்கள் அழித்தால், வேண்டாம் என்று தெரிந்துதான் அழித்தீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். சாதாரணமாக நீக்கிவிட்டுப் போட்டாலும் அந்தக் கணக்கு அப்படியே இருக்கும், அதனால் கோப்பு வராது. நம் முடிவை மதிக்கிற இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தெரியாதவர்கள் பாதி ராத்திரி வரை உட்கார்ந்து தவிப்பதும் இதனால்தான்.

முதலில் கோப்பு யாருடையது என்று கேளுங்கள். டிபிகேஜி கட்டளையில் பெரிய எழுத்து எஸ் கொடுத்து, பின்னால் கோப்பின் முழுப் பாதையை எழுதுங்கள். கோப்பு அழிந்திருந்தாலும் பதில் வரும். என்ஜின்எக்ஸ்.கான்ஃப் கோப்பின் சொந்தக்காரர் என்ஜின்எக்ஸ்-காமன் என்ற வேறு பேக்கேஜ். நீங்கள் என்ஜின்எக்ஸை எத்தனை தடவை போட்டாலும் பயனில்லை. என்ஜின்எக்ஸ்-காமனை ரீஇன்ஸ்டால் செய்யுங்கள். அப்போது டிபிகேஜிக்கு ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ் என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள். காணாமல் போனதை மட்டும் அது திருப்பி வைக்கும், நீங்கள் திருத்தி வைத்த மற்றவற்றைத் தொடாது.

பர்ஜ் செய்துவிட்டு, அதாவது பேக்கேஜை முழுவதுமாக நீக்கிவிட்டுப் போட்டாலும் கோப்பு வரும். ஆனால் அது மிச்சமிருக்கும் அமைப்புகளையும் துடைத்துவிடும். மரியாடிபி என்ற தரவுத்தள சர்வர் போன்றவற்றில், தரவுத்தளத்தையும் அழிக்கவா என்று நடுவில் கேட்கும். அவசரத்தில் 'ஆம்' அழுத்தினால் உள்ளே இருக்கும் தரவு மொத்தமும் போய்விடும். அடுத்த முறை ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மாற்றி வையுங்கள், தம்பி.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பிஹெச்பியின் அமைப்புக் கோப்பான பிஹெச்பி.ஐஎன்ஐ போய்விட்டது. ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ் போட்டும் வரவில்லையே?

வராது டீச்சர். அந்தக் கோப்பு டிபிகேஜியின் கணக்கில் இல்லை. இன்ஸ்டால் நடக்கும்போது யுசிஎஃப் என்ற கருவிதான் அதை உருவாக்குகிறது. யுசிஎஃப்_ஃபோர்ஸ்_கான்ஃப்ஃப்மிஸ் என்ற சூழல் மாறிக்கு (என்விரான்மென்ட் வேரியபிள்) 1 என்று மதிப்புக் கொடுத்து, ரீஇன்ஸ்டால் செய்யுங்கள். அந்தப் பெயரின் கான்ஃப்ஃப்மிஸ் பகுதியில் எஃப் இரண்டு தடவை வரும், அங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

கல்லூரி மாணவி: அங்கிள், நான் ஃபெடோரா லினக்ஸ் பயன்படுத்துகிறேன். எனக்கும் இதே வழியா?

இல்லைம்மா, உங்களுக்கு வேலை சுலபம். ஃபெடோராவின் பேக்கேஜ் கருவியான டிஎன்எஃப் கொண்டு ரீஇன்ஸ்டால் செய்தால் போதும், காணாத கோப்பு வந்துவிடும். எது குறைகிறது என்று பார்க்க, ஆர்பிஎம் கட்டளையில் பெரிய வி கொடுத்து பேக்கேஜ் பெயரை எழுதுங்கள்.

மளிகைக் கடைக்காரர்: கடைக் கணக்கைப் பேக்கப் எடுக்க உபுண்டுவில் ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவியைப் போட்டேன். அதன் அமைப்புக் கோப்பு ஆர்சிங்க்டி.கான்ஃப் எங்கேயும் இல்லை. நான் எதையும் அழிக்கவில்லை ஐயா.

நீங்கள் எதுவும் தப்பாகச் செய்யவில்லை. அந்தக் கோப்பை பேக்கேஜ் /ஈடிசியில் வைப்பதே இல்லை, நாம்தான் எழுத வேண்டும். மாதிரி ஒன்று /யுஎஸ்ஆர்/ஷேர்/டாக்/ஆர்சிங்க்/எக்ஸாம்பிள்ஸ் ஃபோல்டரில் இருக்கும். அதை /ஈடிசிக்குக் காப்பி எடுத்து, உங்கள் ஃபோல்டரின் பாதையை மாற்றிக்கொள்ளுங்கள். சரி, ஒன்று கேட்கிறேன்: கடையில் ஒரே கணினிதானா? அப்படியென்றால் இந்தக் கோப்பே தேவையில்லை. ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, ஆர்சிங்க் கட்டளையை நேராகக் கொடுத்தாலே பேக்கப் ஆகிவிடும்.