ஒரு ரிம் வெடிச்சதுக்கு நாலு ரிம் வாங்கணுமா?

கேள்வி: அண்ணே, நான் தலவாக்கலை பக்கம். லீசிங்ல எடுத்த டொயோட்டா விட்ஸ் கார், ஹயரும் ஓடுறேன். தோட்டத்து ரோட்டுல குழியில விழுந்து முன் அலாய் ரிம் ஒன்னு வெடிச்சிருச்சு. புது ஒரிஜினல் ஒன்னு 90 ஆயிரம், ரெப்ளிகா, அதாவது ஒரிஜினல் மாதிரியே செஞ்ச ரிம், 16 இஞ்ச்ல நாலும் சேர்த்து 1 லட்சத்து 60 ஆயிரம் சொல்றாங்க. வீட்டுக்காரி வளையல அடகு வச்சு ரெப்ளிகா போடலாமா?

பதில்: தம்பி, வளையல் வீட்டுலயே இருக்கட்டும். உங்களுக்கு வெடிச்சது ஒரு ரிம், கடைக்காரர் நாலுக்கு விலை சொல்றாரு, அதோட உங்க பழைய 15 இஞ்ச் டயர் 16 இஞ்சுக்கு ஏறாது, நாலு டயரும் புதுசா வாங்கணும், அந்தக் காச யாரும் உங்க கணக்குல சேர்க்கல. அடகு வட்டி வருஷத்துக்கு 15%ன்னு வச்சா கூட 10 மாசத்துல 20 ஆயிரம் வட்டிக்கே போயிரும், லீசிங் கட்டுற நாளு அதுக்காக தள்ளி வராது.

உங்க ரோட்டுக்கு 16 இஞ்ச் சரியும் இல்ல. 185/60 ஆர்15 டயருக்கு பக்கச்சுவர், அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் உயரம், 111 மில்லிமீட்டர், மொத்த உயரம் கிட்டத்தட்ட அதே வர்ற 195/50 ஆர்16ல 97 தான். குழியில விழுந்தா அந்த அடி நேரா ரிம்முக்குத்தான் போகும், அடுத்த மழைக்காலத்துல திரும்ப இதே செலவு.

நான் சொல்றது, ஜப்பான்ல இருந்து வர்ற பாவிச்ச ஒரிஜினல் ரிம் ஒன்னு தேடுங்க. ஹட்டன், கண்டியில கேளுங்க, இல்லன்னா கொழும்பு பஞ்சிகாவத்தையில கிடைக்கும், புதுசோட விலை வராது. வாங்குறப்ப மத்த மூணு ரிம்முக்கு பின்னால இருக்கிற அளவு, இன்செட் நம்பர் (ரிம் எவ்ளோ உள்ள தள்ளி உட்காரும்ங்கிற எண்ணு) எல்லாம் அப்படியே ஒத்துப்போகணும். பேலன்சிங் மெஷின்ல ஏத்தி சுத்த விட்டு விளிம்பு ஆடுதான்னு பாருங்க, உள் விளிம்பு ஓரத்துல கைய ஓட்டிப் பாருங்க, முடி மாதிரி கோடோ வெல்டிங் தடமோ இருந்தா எவ்ளோ மலிவா தந்தாலும் வேணாம். வெடிச்சத வெல்டிங் பண்ணி ஓட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ரம்பொடை இறக்கத்துல ஆள ஏத்திக்கிட்டு வர்றவர் நீங்க.

ரெப்ளிகா எல்லாமே மோசம்னு நான் சொல்லல. ஒரிஜினல் கிடைக்கவே இல்லன்னா 15 இஞ்ச்லயே எடுங்க, ஆனா ஜேடபிள்யூஎல், விஐஏன்னு ஜப்பான் தரத்தக் காட்டுற ரெண்டு முத்திரையும் எவ்ளோ கிலோ தாங்கும்ங்கிற எண்ணும் ரிம்முல இருக்கணும், ஆளும் சாமானும் ஏத்தின பிறகு ஒரு சில்லுக்கு வர்ற பாரத்த விட அந்த எண்ணு நல்லா கூட இருக்கணும். நடு ஓட்டையும் பாருங்க, விட்ஸுக்கு 54.1 மில்லிமீட்டர், ஓட்டை பெருசா இருந்தா அந்த இடைவெளிய நிரப்புற ஹப் ரிங் போடாம ஓட்டக்கூடாது, ஸ்டியரிங் நடுங்கும். நட் உட்கார்ற வாய் ஒரிஜினல் நட்டுக்கு பொருந்துதான்னும் பார்த்துருங்க. இன்ஷூரன்ஸ்காரங்களுக்கும் லீசிங் கம்பெனிக்கும் சொல்லிட்டு மாத்துங்க, பிறகு கிளெய்ம் போடுறப்ப பேச்சு வராம இருக்கும்.

விக்கிற நேரத்துல ரெப்ளிகாவுக்குன்னு யாரும் கூட காசு தர்றதில்ல, ஒரிஜினல் ரிம் இருக்கான்னு கேட்டுத்தான் வாங்குறாங்க.

அதுவரைக்கும் அவசரம்னா அதே அளவு இரும்பு ரிம் ஒன்னு போட்டு ஓடுங்க, அலாய விட விலை குறைவு, அழகு கொஞ்சம் கம்மி, ஹயர் நிக்காது. குழியில அடிபட்ட டயர கழட்டி உள்பக்கம் நூல் அறுந்திருக்கான்னு பார்த்துட்டு மட்டும் திரும்ப மாட்டுங்க.