மறுக்க ஆள் இல்லாத வரி

அன்புள்ள ஐயா,

முதுகலை இலக்கியம் படிக்கிறேன். குறுந்தொகை 40ஆம் பாடலான ‘யாயும் ஞாயும்’ பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். “இப்பாடல் காதலின் மேன்மையை அழகிய உவமை வழியாக எடுத்துரைக்கிறது” என்பது என் மைய வாதம். பேராசிரியர் ஓரத்தில் ‘இதில் வாதம் எங்கே?’ என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார். நான் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லையே, பிறகு ஏன் போதவில்லை?

ம.

அன்புள்ள ம.,

பிழை இல்லைதான். ஆனால் அந்த வரியை மறுக்க ஒருவரும் வரமாட்டார்கள். மறுப்பதற்கு ஆளே இல்லாத ஒன்றை நிறுவப் பத்துப் பக்கம் எதற்கு? பாடல் எண்ணை மாற்றி வேறோர் அகப்பாடலின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் வரி அங்கேயும் கச்சிதமாக உட்காரும். அப்படியானால் இந்தப் பாடலைப் பற்றி அது இன்னும் எதுவும் சொல்லவில்லை.

பாடலுக்குத் திரும்புங்கள். ஐந்தே அடிகள். என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்துகொண்டோம் என்று முதல் மூன்று அடிகளிலும் கேள்விகள். ஒன்றுக்கும் விடை வருவதில்லை. நான்காம் அடியில் செம்மண்ணில் மழை பெய்துவிடுகிறது; ஐந்தாம் அடியில் அந்த நீரைப் போல அன்புடைய நெஞ்சங்கள் கலந்துவிடுகின்றன. விடை சொல்லப்போவதில்லை என்றால் தலைவன் கேட்பானேன்? பாதிக்கு மேல் பாடலை அதற்குச் செலவிடுவானேன்? இப்படி உறுத்துகிற இடத்தில்தான் மைய வாதம் பிறக்கும். உறுத்தல் வரும்வரை படியுங்கள், எழுத உட்காராதீர்கள்.

பாடலை யார், எந்தச் சூழலில் சொன்னார் என்று கூறும் துறைக்குறிப்பையும் பாருங்கள். தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் மனக்குறிப்பு மாறியதைக் கண்டு அவன் சொன்னது இது. அஞ்சுகிறவளிடம் போய் ‘நமக்குள் எந்த உறவும் இல்லை’ என்று அடுக்குகிறான்! எனக்கு இது தீராத வியப்பு. நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்: “தங்களைப் பிணைக்க உறவோ முன்னறிமுகமோ இல்லை என்று ஒப்புக்கொண்டே தலைவன் தலைவியின் அச்சத்தைத் தணிக்கிறான், அவள் அஞ்சக் காரணமானவற்றையே கலப்பின் வலிமைக்குச் சான்றாக்குகிறான்.”

இதை மறுக்கலாம். துறைக்குறிப்பு பிற்காலத்தில் சேர்ந்தது, பாடலுக்குள் அச்சமே இல்லை, இருப்பது வியப்பு மட்டும்தான் என்று ஒருவர் எழுந்து நிற்கலாம். நிற்கட்டும். அவருக்குப் பதில் சொல்வதற்காக நீங்கள் மூன்று கேள்விகளின் வரிசையைப் பேச வேண்டியிருக்கும்; நிறம் ஏறிய நீரை மண்ணிலிருந்து பிரிக்க முடியாமையைப் பேச வேண்டியிருக்கும். கட்டுரையின் பத்திகள் தாமாகவே பிரிந்து நிற்கும்.

புலவரின் இயற்பெயர் தெரியாது, ‘செம்புலப் பெயல்நீர்’ (செம்மண்ணில் பெய்த மழைநீர்) என்ற உவமையால் செம்புலப்பெயல்நீரார் என்று பெயர் பெற்றார் என்ற செய்தியை மாணவர்கள் பலரும் முதல் பத்தியில் வைக்கிறார்கள். நல்ல செய்திதான். அதைச் சொல்லிவிட்டதால் வாதம் தொடங்கிவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. ‘எடுத்துரைக்கிறது’, ‘சித்திரிக்கிறது’ போன்ற வினைகளிலும் கவனம் வேண்டும். எப்படி, எதற்காக என்று கேட்கவிடாமல் அவை வாக்கியத்தை முடித்துவிடுகின்றன.

முதலில் எழுதிய வாதம் கடைசிவரை மாறாமல் இருக்க வேண்டியதில்லை. கட்டுரையை முடித்தபின் அதைத் திருத்துங்கள்.

என் வரியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசி அடியில் ‘தாம் கலந்தனவே’ என்று வருகிறது. நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன என்கிறான். கலந்தது நெஞ்சங்களின் செயல் என்றால், இனிப் பிரியமாட்டேன் என்று அவன் எங்கே வாக்குக் கொடுத்தான்? அந்தத் ‘தாம்’ என் வாதத்துக்குத் துணை நிற்கிறதா, அதை உடைக்கிறதா என்று பார்த்து உங்கள் வரியை எழுதி அனுப்புங்கள்.