ஓசிடி: கணினிப் பயிற்சியால் கட்டாயச் செயல்களை அடக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 31. அலுவலகம் கிளம்பும்போது கேஸ் ரெகுலேட்டரையும் வாசல் பூட்டையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறேன். பாதி வழியிலிருந்து திரும்பி வந்ததும் உண்டு. மனநல மருத்துவர் ஓசிடி (வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் கட்டாயச் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநலப் பாதிப்பு) என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். உளவியல் சிகிச்சை தர எங்கள் ஊரில் ஆளில்லை. கணினியிலேயே பயிற்சி செய்து இதை அடக்கலாம் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: எந்தப் பயிற்சி என்று முதலில் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு விதமானவை உலவுகின்றன.

ஒன்று, திரை விளையாட்டு. படம் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். மணி அடித்தால் அழுத்தப் போன விரலை நிறுத்த வேண்டும். தொடங்கிய செயலை நிறுத்துவதில் ஓசிடி உள்ளவர்கள் சராசரியாகச் சற்றுத் தாமதிப்பதால் வந்த யோசனை இது. ஆடினால் அந்த விளையாட்டில் கை தேறும். அந்தத் தேர்ச்சி அடுப்படி வரை வருமா என்பதற்கு ஆதாரம் மெலிவு. காசு கொடுத்து வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

இன்னொன்று, ஈஆர்பி சிகிச்சையைக் கணினி வழியாகத் தருவது. பயத்தைக் கிளப்பும் சூழலில் வேண்டுமென்றே நின்று, கட்டாயச் செயலை மட்டும் செய்யாமல் இருப்பதுதான் ஈஆர்பி. 1966இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் இதன் முதல் வடிவத்தைப் பதிவு செய்தார். 2002இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில் 218 பேர் 10 வாரம் பயிற்சி எடுத்தார்கள். 40க்குக் கணக்கிடும் ஓசிடி அளவுகோலில், சிகிச்சையாளரிடம் போனவர்களுக்குச் சராசரியாக 8 புள்ளி குறைந்தது. கணினி வழிநடத்தியவர்களுக்கு 5.6, வெறும் தளர்வுப் பயிற்சி செய்தவர்களுக்கு 1.7. ஸ்வீடனில் 2012இல் 101 பேரிடம் இணையவழிச் சிகிச்சையைச் சோதித்தபோது 60 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 6 சதவீதம்தான். அங்கே இணையத்துக்குப் பின்னால் ஒரு சிகிச்சையாளர் இருந்து பதில் எழுதிக்கொண்டிருந்தார். நீங்கள் தேடும்போதும் அப்படி ஒரு தகுதியுள்ள ஆள் உண்டா என்று கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் இது எப்படி நடக்கும்? பயம் தரும் சூழல்களை 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு எழுதுவீர்கள். 40 அளவில் உள்ள ஒன்றில் தொடங்கலாம். பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பதற்றம் ஏறும், ஏறட்டும். ‘பூட்டிட்டேன், பூட்டிட்டேன்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வதும் சரிபார்ப்புதான், அதுவும் கூடாது. பூட்டைப் போனில் படம் எடுத்து வைத்துப் பார்ப்பதும் அப்படியே. இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கும் வியாதி இது! பதற்றம் முழுவதும் வடிய வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகத்தைச் சுமந்தபடியே வேலையைப் பார்க்க முடிகிறது என்பது பழகினால் போதும். தாங்காமல் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டீர்களா? ‘இப்போதும் சரியாகப் பூட்டாமல் இருக்கலாம்’ என்று நினைத்தபடி மறுபடியும் கிளம்புங்கள். பூட்டு பழகிய பிறகு ரெகுலேட்டர். அதையும் ஒரு முறை மூடுங்கள், ஒரு பார்வை, அவ்வளவுதான். திறந்து விட்டுப் போகச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓசிடிக்கு அது வேலை காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். தற்கொலை எண்ணமோ கடும் மனச்சோர்வோ இருந்தால் கணினியை ஓரம் கட்டிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) இலவச எண்ணில் இரவிலும் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு முறை நேரில் போய்த் திட்டம் வகுத்துக்கொண்டு, மிச்சத்தை வீட்டில் தொடர முடியுமா என்று அங்கே கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடமும் பேசிவிடுங்கள். ‘அம்மா, கேஸ் மூடிட்டேன்ல?’ என்று போனில் கேட்டால், ‘அதுக்கு நான் பதில் சொல்றதில்லன்னு பேசி வச்சிருக்கோம்ல’ என்று அவர் அன்பாகச் சொல்லிவிட்டு, மதியம் என்ன சாப்பிட்டாய் என்று பேச்சை மாற்றட்டும்.