10,000 ரூபாய் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. போன வாரம் நண்பரின் திருமண வரவேற்புக்கு என் ஸ்கூட்டரை எடுத்துச் சென்றான். இரவு திரும்பும்போது வாகனச் சோதனையில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். கருவி 68 காட்டியது. இரண்டு பாட்டில் பீர் குடித்ததை ஒப்புக்கொள்கிறான். பின்னால் உட்கார்ந்திருந்த நண்பர் குடிக்காதவர், ஓட்டுநர் உரிமம் உள்ளவர். ஆனாலும் வண்டியைக் காவல் நிலையத்தில் நிறுத்திவிட்டு, தம்பியின் உரிமத்தையும் வாங்கிக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் 10,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். 5,000 கொடுத்தால் வழக்கே இல்லாமல் செய்துவிடுவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். தம்பி காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறான். என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்தத் தெரிந்தவரை விலக்கி வையுங்கள். ஹெல்மெட் போடாததற்குச் சாலையிலேயே அபராதம் கட்டி ரசீது வாங்கலாம். குடித்துவிட்டு ஓட்டியதற்கு அப்படி முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆவது பிரிவு, அதிகாரிகளே அபராதம் பெற்று முடித்துவைக்கக்கூடிய குற்றங்களைப் பட்டியலிடுகிறது. அதில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான 185ஆவது பிரிவு இல்லை. ஆகவே இதை முடிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே. அந்த 5,000 லஞ்சமாகத்தான் போகும். கொடுப்பவருக்கும் அது குற்றம்.

100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். கருவி காட்டிய 68 இதே கணக்குதான். "இரண்டு பீர்தானே" என்று உங்கள் தம்பி நினைத்திருப்பார். 650 மில்லி பாட்டில் ஒன்றே சராசரி உடல்வாகுள்ள ஆணை அந்த அளவுக்கு மேலே கொண்டுபோய்விடும். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால்தான் இரண்டாவது குற்றம் என்று முன்பு இருந்தது. 2019 திருத்தம் அந்தக் காலவரம்பை எடுத்துவிட்டது. பத்து ஆண்டு கழித்துச் சிக்கினாலும் இந்த வழக்கு கணக்கில் வரும்.

விபத்து ஏதுமில்லாத முதல் வழக்கில் பெரும்பாலும் அபராதத்தோடு விடுகிறார்கள். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது என்றால், நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்துவிட்டது என்று பொருள். அதனால், அன்று கருவியில் வந்த சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி, நாள், நேரம், பெயர், அளவு எல்லாம் சரியாக உள்ளனவா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதிவில் உண்மையான குறை இருந்தால் வழக்கை நடத்தலாம். எல்லாம் சரியாக இருந்தால், குடிக்கவே இல்லை என்று கூண்டில் ஏறிச் சொல்லும்படி நான் யாருக்கும் ஆலோசனை தருவதில்லை.

காவலர் தேர்வு விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் மறைக்கவே கூடாது. ஏற்கெனவே அனுப்பியிருந்தாலும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. சிறு குற்றமாக இருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விடும் உரிமை பணி தருபவருக்கு உண்டு என்றும் சொன்னது. காவல் பணி என்பதால் கடுமையாகவே பார்ப்பார்கள், வேலை கிடைக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. மறைத்துப் பிடிபட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

உரிமத்தை வாங்கியது சட்டப்படி சரி. அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும். விளக்கம் கேட்ட பிறகு, முதல் முறைக்கு மூன்று மாதத் தகுதி நீக்கம் செய்யலாம். அந்த மூன்று மாதத்தில் வண்டியைத் தொட்டால் அது தனி வழக்கு, இன்னொரு 10,000.

வண்டி விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வாகனத்தைப் பிடித்துவைக்க அதிகாரம் தரும் 207ஆவது பிரிவில் குடிபோதை இடம்பெறவில்லை. குடிக்காத, உரிமம் உள்ளவர் உடன் இருந்தால் அவரிடமே வண்டியை ஒப்படைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துக்காட்டலாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றுடன் நீங்களே நிலையத்துக்குப் போய் எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் வண்டியைத் திரும்பக் கேட்டு மனு போடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது. அன்று இரவு உங்கள் தம்பி யார் மீதாவது மோதியிருந்தால்? உங்கள் வண்டிக்கான சேதத்தைக் காப்பீட்டு நிறுவனம் தராது. குடிபோதையில் ஓட்டினால் பொறுப்பில்லை என்று பாலிசியிலேயே இருக்கிறது. அடிபட்டவருக்கு நிறுவனம் இழப்பீடு கொடுக்கும். பிறகு அந்தத் தொகையை வண்டியின் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். சென்னை உயர் நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. உயிர் போன வழக்குகளில் இழப்பீடு பல லட்சம் ரூபாய். தம்பிக்கோ, சாலையில் உயிரிழப்பு ஏற்படுத்தியதற்கான சாதாரண வழக்கோடு நிற்காமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமும் சேரக்கூடும். 2012இல் அலிஸ்டர் பெரேரா வழக்கில், மும்பையில் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு பேர் இறந்ததற்கு அப்படித்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

சம்மன் வந்ததும் குறித்த நாளில் தம்பி நேரில் ஆஜராகட்டும். அபராதம் விதித்தால் நீதிமன்ற ரசீதையும் தீர்ப்பின் நகலையும் அன்றே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். காவலர் தேர்வின் சான்றிதழ் சரிபார்ப்பில் அவற்றைக் கேட்பார்கள்.