சலக் குளிசை: கேட்டவர்களுக்குப் பதில்

வெள்ளவத்தையில் மருந்தாளராக இருக்கிறேன். சலம் போக வைக்கும் குளிசைகள் பற்றி இந்தக் கிழமை வந்த கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு இதயம் பலவீனம். பியூரோசமைட் 40 மில்லிகிராம் காலையில் போட்டால் பஸ்ஸில் இருக்க முடியவில்லை என்று இரவில் போடுகிறா. பரவாயில்லையா?

வேண்டாம் தங்கச்சி. அது போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை தொடங்கும், அடங்க ஆறு மணித்தியாலம் அளவில் ஆகும். நடுச்சாமத்தில் அவசரமாக எழும்பி, குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த ஆச்சிமாரை எனக்குத் தெரியும். வெளியே போகிற நாளில், வீட்டுக்கு வந்த பிறகு, பின்னேரம் நாலு மணிக்கு முன் போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். போடாமல் மட்டும் விடவேண்டாம். காலையில் சலம் போய்விட்டு, சாப்பிட முன்பு, ஒரே தராசில் நிறை பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் காட்டுங்கள்.

மட்டக்குளி ஐயா ஒருவர்: இது தண்ணீரை எப்படி வெளியே எடுக்கிறது?

ஐயா, அது எடுப்பது உப்பை. சிறுநீரகம் நாளைக்கு 180 லீட்டர் அளவு வடிகட்டினாலும், சலமாக வருவது ஒன்றரை லீட்டர் மட்டில்தான். மிச்சம் திரும்ப இரத்தத்துக்குள் போகிறது. உப்பை உள்ளே இழுத்தால் தண்ணீரும் பின்னால் போகும். குளிசை அந்த உப்பு வாசலை அடைக்கிறது. பியூரோசமைட் அடைக்கும் வாசலால் கால்பங்கு உப்பு திரும்புகிறது, அதனால் வீக்கத்துக்கு அதுதான். பிறஷருக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைட் (சுருக்கமாகத் தயசைட்) அடைக்கும் வாசல் சின்னது. ஒரு பக்கம் குளிசை, மறுபக்கம் கருவாடும் ஊறுகாயும் என்றால் பாவம் அந்தக் குளிசை.

தெஹிவளை அக்கா: இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. தினமும் செவ்விளநீர் குடிக்கச் சொல்கிறார்கள்.

அக்கா, முதலில் உங்கள் குளிசை அட்டையைத் திருப்பிப் பெயரை வாசியுங்கள். பியூரோசமைட்டும் தயசைட்டும் பொட்டாசியத்தைச் சலத்தோடு கொண்டுபோகும். பிடிப்பு, சோர்வு, நெஞ்சு படபடப்பு அதனால் வரலாம். ஸ்பைரோனோலக்டோன் என்ற சலக் குளிசை நேர் எதிர், பொட்டாசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு பிறஷர் குளிசைகளான லொசார்டனோ எனலப்ரிலோ சேர்ந்திருந்தால் இன்னும் ஏறும், ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய. ஒருவருக்கு நல்லது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆபத்து. சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் இரத்தத்தில் பார்த்த பிறகு முடிவெடுங்கள். ‘உப்புக்குப் பதில்’ என்று விற்கிற உப்பும் பெரும்பாலும் பொட்டாசியம்தான், கவனம். வயசானவர் திடீரென்று தடுமாறிப் பேசினால், தயசைட்டால் சோடியம் இறங்கியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பம்பலப்பிட்டித் தம்பி: அப்பாவுக்குப் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கியிருக்கிறது. லொசார்டனும் தயசைட்டும் எடுக்கிறார். நோவுக்கு டைக்குளோபினாக் குளிசை கொடுக்கவா?

கொடுக்க வேண்டாம் தம்பி! அந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். தயசைட் யூரிக் அமிலத்தை ஏற்றுவதால் இது கௌட் என்ற மூட்டு வருத்தமாக இருக்கலாம். டொக்டரிடம் காட்டினால் குளிசையையே மாற்றக்கூடும். வாந்தி, வயிற்றோட்டம் வரும் நாளிலும் இந்தக் குளிசைகளைத் தொடர்வதா என்று உடனே கேட்க வேண்டும்.

மருதானை அம்மா: கணுக்கால் வீக்கத்துக்கு மச்சாளின் பியூரோசமைட்டில் பாதி போட்டேன். வீக்கம் போகவில்லை.

அம்மா, நீங்கள் அம்லோடிபின் என்ற பிறஷர் குளிசை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மருந்தே சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். சின்ன நாளங்கள் விரிந்து நீர் கசிகிற வீக்கம் அது. சலம் போக வைத்து அது அவ்வளவாக வற்றாது. அம்லோடிபின் அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்று டொக்டர் பார்ப்பார், நீங்களாக நிறுத்த வேண்டாம். மச்சாளின் மிச்சக் குளிசைகளை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்ணித் தந்த குளிசை, அவவுக்கு இடையில் முடிந்துவிடும்.