பாதி ஒப்பந்தத்தில் வாடகையை ஏற்றலாமா?

கேள்வி: செந்தூலில் 900 ரிங்கிட் வாடகையில் குடியிருக்கிறோம். ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம். அதற்குள் 1,250 கேட்கிறார் வீட்டுக்காரர். தராவிட்டால் பூட்டை மாற்றிவிடுவாராம். கணவர் சொந்த லாரி ஓட்டுகிறார், சம்பளச் சீட்டு கிடையாது. என்ன செய்வது ஐயா?
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருந்தாலொழிய, காலம் முடியும்வரை அவர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. பூட்டை மாற்றுவது அதைவிட அக்கிரமம். 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 7(2) பிரிவுப்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. 900ஐ மாதம் தவறாமல் வங்கி வழியாகவே போடுங்கள், ரொக்கம் வேண்டாம். மிரட்டல் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழிக்காதீர்கள்.

ஏழு மாதம் கழித்து அவர் 1,250 கேட்டால் தடுக்கச் சட்டமில்லை. பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டையும் 1997இல் ரத்து செய்துவிட்டார்கள். உழைக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய அநியாயம் என்பேன். ஆகவே குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாநகர் மன்றம் வாடகைக்கு விடும் பிபிஆர் (மக்கள் வீடமைப்புத் திட்டம்) வீட்டுக்கு இப்போதே மனுப்போடுங்கள். வரிசை நீளம்தான், ஆனாலும் பல ஆண்டுகளாக அங்கே வாடகை 124 ரிங்கிட். வாங்கும் எண்ணமிருந்தால், சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் எஸ்ஜேகேபி திட்டத்தைப் பற்றி வங்கியில் கேளுங்கள்.