திருகோணமலையிலிருந்து இந்தியா, பாகிஸ்தான், ஈரான் வழியாக மோட்டார் சைக்கிளில் துருக்கி போக என்ன பத்திரங்கள் வேண்டும்?

விசாவுக்கு முன்னால் இந்திய–பாகிஸ்தான் அட்டாரி–வாகா எல்லையைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் மூடினார்கள்; திறந்திருக்கிறதென்று உறுதியாகாமல் எதற்கும் காசு கட்டாதீர்கள்.

அடுத்தது கார்னே. சுங்கவரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுபோக உதவும் புத்தகம், ஒரு வருடம் செல்லும். பிணைப்பணமோ வங்கி உத்தரவாதமோ கேட்பார்கள். பெரிய செலவு அதுதான். ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது ஒன்றைக் கிழிப்பார்கள், வெளியேறும்போது இன்னொன்றை, அடிக்கட்டை உங்களிடம். அதில் வெளியேறும் முத்திரை விழாமல் எல்லையை விட்டு நகராதீர்கள். இல்லையென்றால் வண்டியை அங்கேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். சேசிஸ், எஞ்சின் இலக்கங்களையும் ஒருமுறை சரிபாருங்கள்.

லீசிங் வண்டியா? கம்பனியின் சம்மதக் கடிதத்தை முதலில் எடுங்கள்.

காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் ஆட்களுக்குத்தான். வண்டி கொழும்பிலிருந்து கொள்கலனில் போகவேண்டும். (திருகோணமலையில் இவ்வளவு ஆழமான துறைமுகத்தை வைத்துக்கொண்டு!)